வடசென்னையில் முதல் கார்: சொகுசா, சிக்கனமா?

முதல் கார் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் முக்கியமாக, எட்டு பத்து லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஷோரூமில் நிற்கிற புது சின்ன காரையும் அதே காசுக்குச் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிற ஜெர்மன் காரையும் மாறி மாறிப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்களுக்காக. நான் தண்டையார்பேட்டைக்காரன். பதினாறு வருடமாகச் சின்ன கார்தான் ஓட்டுகிறேன். என் மனைவியின் தம்பி நான்கு வருடம் சொகுசுக் கார் வைத்திருந்தான். அதை நானும் நிறைய ஓட்டியிருக்கிறேன். செங்குன்றம் தாண்டி நெல்லூர் ரோட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே போகிற லாரியின் சத்தம் பக்கத்து வீட்டு டி.வி. மாதிரிதான் கேட்கும். முதுகுவலிக்காரரான என் மாமனார் திருப்பதி வரைக்கும் ஒரு தடவைகூட "நிறுத்துப்பா" என்று சொல்லாமல் வந்தது அந்தக் காரில்தான். ஆகவே அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கார் நம் ஏரியாவில் என்ன செலவு வைக்கும் என்று வாங்கும் முன்பே தெரிந்திருந்தால் அவனுக்கு இத்தனை பணம் போயிருக்காது. அதைத்தான் ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில் தெருவை அளந்துவிட்டு வாருங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். கார் நிற்கப் போகிற இடத்தின் நீளம், அகலம், தெருமுனையில் திரும்புகிற இடத்தின் அகலம், மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆல்டோ கே10 மூன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் 4.7 மீட்டர் நீளம், 1.8 மீட்டருக்கு மேல் அகலம். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். புதுவண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு பக்கம் பைக் வரிசை, இன்னொரு பக்கம் தண்ணீர்க் குடம், நடுவில் மீன்பாடி வண்டி என்று இருக்கிற தெருவில் இந்த வித்தியாசம் தினமும் உங்களைக் கேள்வி கேட்கும்.

அளக்கும்போது உயரத்தையும் பாருங்கள். நம் தெருக்களில் சாலைக்கு மேல் சாலை போட்டுப் பல வீடுகளின் வாசல் பள்ளத்தில் போய்விட்டது. அந்தச் சரிவில் தாழ்வான செடான் இறங்கினால் முன் பம்பரின் அடிப்பாகம் தட்டும். வேகத்தடையிலும் இதே கதைதான். சின்ன காரின் பம்பர் கீறினால் பெயிண்டரிடம் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். சொகுசுக் காரின் பம்பருக்குள் பார்க்கிங் சென்சார், சில மாடல்களில் ரேடார்வரை இருக்கும். பம்பரைக் கழற்றி மாட்டினால் அவற்றைச் சரிபார்க்கத் தனியாக ஒரு பில் வரும்.

கார் தெருவில்தான் நிற்கும் என்றால், இரவில் அதற்குப் பக்கத்தில் எத்தனை வண்டி உரசிப் போகும் என்று ஒரு வாரம் கவனியுங்கள். சொந்தமாக மூடிய இடம் இல்லாதவர்கள் சொகுசுக் காரைப் பற்றி யோசிப்பதை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

உண்மையில் எத்தனை கிலோமீட்டர்?

கார் வந்தால் தினமும் எடுப்போம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. திருவொற்றியூரில் ஏறினால் சென்ட்ரல், கிண்டி, விமான நிலையம் என்று ஒரே ரயிலில் போகலாம். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற எண்ணூர் விரைவுச் சாலையில் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. உங்கள் கார் ஞாயிற்றுக்கிழமை கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, ஊருக்கு ஒரு தடவை என்று மாதம் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் அதை மறைக்காமல் எழுதி வையுங்கள்.

இதில் டீசல் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 (வண்டிப் புகைக்கான அரசு விதி) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று சைலன்சர் வழியில் இருக்கிறது. வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் வேகமாக ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி சூட்டில் எரிந்து சுத்தமாகும். ராயபுரத்திலிருந்து பாரிமுனை, பாரிமுனையிலிருந்து ராயபுரம் என்று மட்டும் ஓட்டினால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். பழைய சொகுசு டீசலில் அதை மாற்றுவது பெரிய செலவு.

மாதக் கணக்கு

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் சின்ன கார், வலது பக்கம் சொகுசுக் கார். விலையை இப்போதைக்கு எழுத வேண்டாம். மாதம் என்ன போகும் என்பதை மட்டும் எழுதுங்கள். நான் என் மைத்துனனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத் தருகிறேன். இது என் ஏரியாவில் நான் விசாரித்த தொகை. நீங்கள் பார்க்கிற மாடலுக்கு நீங்களே கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாதம் 800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சின்ன பெட்ரோல் கார் நம் டிராஃபிக்கில் 16 கிலோமீட்டர் கொடுத்தால் 50 லிட்டர், 5,000 ரூபாய். (கம்பெனி சொல்கிற 24 கிலோமீட்டர் சோதனைக்கூடக் கணக்கு, மூலக்கடை சிக்னலில் அது வராது.) இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின் உள்ள சொகுசுக் கார் இதே ரோட்டில் 8 கொடுத்தால் 10,000 ரூபாய்.

அடுத்து இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சி.சி. (இன்ஜினின் அளவு) வரைக்கும் வருடத்துக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி.க்கு மேல் 7,897 ரூபாய். சொந்த வண்டிக்கான பாகம் வண்டியின் மதிப்பைப் பொறுத்து ஏறும். எல்லாம் சேர்த்துச் சின்ன காருக்கு வருடம் 15,000 என்றும், பத்து லட்சத்துக்கு வாங்கிய பழைய சொகுசுக் காருக்கு 42,000 என்றும் போட்டேன். மாதத்துக்கு 1,250, 3,500.

சர்வீஸ் சின்ன காருக்கு வருடம் 8,000, சொகுசுக் காருக்கு 48,000. டயரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆல்டோவின் 13 இஞ்ச் டயர் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம்கூடச் சொல்லி வைத்தால் வந்துவிடும். பல ஜெர்மன் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் போட்டிருப்பார்கள். ஒரு டயர் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று போகும். பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் வீங்கிவிட்டால் பஞ்சர் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். நான்கு டயருக்கு 72,000, மூன்று வருடம் ஓடும் என்று நல்லபடியாகவே வைத்தாலும் மாதம் 2,000.

கடைசியாக, பழுதுக்கென்று ஒதுக்கும் பணம். சின்ன காருக்கு டயர், பேட்டரி, சில்லறை வேலை எல்லாவற்றுக்கும் மாதம் 800 ரூபாய் ஒதுக்கி எனக்கு இதுவரை மிச்சம்தான். சொகுசுக் காருக்கு நான் சொல்கிற முறை: அந்தக் கார் புதிதாக இருந்தபோது என்ன விலையோ, அதில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று ரூபாயை வருடா வருடம் ஒதுக்குங்கள். 45 லட்சம் கார் என்றால் வருடம் 1.2 லட்சம், மாதம் 10,000. கார் உங்களுக்குப் பத்து லட்சத்துக்குக் கிடைத்தாலும் அதன் கியர் பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், ஹெட்லைட் எல்லாம் 45 லட்சம் காரின் விலையில்தான் கிடைக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதிக் கட்டுரையைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

கூட்டுங்கள். சின்ன கார் மாதம் ஏழே முக்கால் ஆயிரம் அளவில் வருகிறது. சொகுசுக் கார் இருபத்தொன்பதரை ஆயிரம். வித்தியாசம் மாதம் 21,000க்கு மேல். மூன்று வருடத்தில் எட்டு லட்சத்தை நெருங்கும். கடன் வாங்கினால் தவணையை இதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய காருக்கான கடனில் வட்டி புது காரை விட அதிகம்.

புது சொகுசுக் காரே வாங்குகிற வசதி உள்ளவர்கள் வரியைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய ஆயுட்கால வரி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 60 லட்ச ரூபாய் காருக்கு ஆயுட்கால வரி மட்டும் 12 லட்சம் ஆகிவிடும். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்கிறவர் முன்கூட்டியே வாங்கிக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், சின்ன இன்ஜினோடு இருக்கிற கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆனது; பெரிய கார்களுக்கு 40. அந்தச் சமயத்தில்தான் ஆல்டோ கே10 3.70 லட்சத்திலும், வேகன் ஆர் 4.99 லட்சத்திலும் தொடங்கும் என்று எக்ஸ் ஷோரூம் விலையைக் குறைத்தார்கள்.

மதிப்புக் குறைவையும் பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வைத்திருக்கும் அட்டவணையே ஐந்து வருடம் ஆகும்போது வண்டியின் மதிப்பைப் பாதியாக்கிவிடும். 60 லட்சத்தில் பாதி போவதும் ஆறு லட்சத்தில் பாதி போவதும் சதவீதத்தில் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் போவது 30 லட்சம், மற்றதில் 3 லட்சம்.

டெல்லி வண்டி, மும்பை வண்டி

"டெல்லி வண்டி சார், கண்டிஷன் பார்த்தீங்கன்னா அசந்துடுவீங்க" என்று புரோக்கர் போட்டோ அனுப்புவார். விலை பாதியாக இருக்கும். டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் தடை என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் சொன்னதால், வயது நெருங்கிய கார்களை அங்கே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். அவைதான் தெற்கே வருகின்றன.

வாங்கலாம், ஆனால் மொத்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையின்மைச் சான்று (படிவம் 28) வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரி கட்டி நம் மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும். வேறு மாநில நம்பரிலேயே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இது எல்லாம் போக அந்தக் கார் நம்மூர்க் காரை விட எவ்வளவு மலிவு என்று பாருங்கள். பல நேரம் மலிவே இருக்காது.

மழையும் உப்பும் சாம்பலும்

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல். என் மைத்துனன் வீடு கொருக்குப்பேட்டையில். முந்தின நாள் இரவே தெருவில் முழங்கால் தண்ணீர். காரை எங்கேயும் நகர்த்த முடியவில்லை. நள்ளிரவில் அந்தக் காரின் ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்து அரை மணி நேரம் அடித்து ஓய்ந்ததாம். தண்ணீர் வடிந்த பிறகு நான் போனேன். வெளியே பார்த்தால் கார் நன்றாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தபோது வெளிர்நிறத் தோல் சீட்டில் ஒரு ஜாண் உயரத்துக்குப் பழுப்புக் கோடு. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கிற பஞ்சு சாக்கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊறிக் கிடந்தது. கையால் பிழிந்தால் கறுப்பாக ஊற்றியது. ஜெர்மன் கார்கள் பலவற்றில் பேட்டரியும் எலக்ட்ரானிக் பெட்டிகளும் சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் தரையிலும்தான் இருக்கும். எல்லாம் நனைந்துவிட்டது.

"ஸ்டார்ட் பண்ணலையே?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ பட்டனை அமுக்கிப் பாத்தேன் மாமா" என்றான்.

அந்த ஒரு தடவைதான். காற்று போகும் வழியில் நுழைந்த தண்ணீர் சிலிண்டருக்குள் நின்றிருக்கிறது. காற்றைப் பிஸ்டன் அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. ஸ்டார்ட் செய்த வேகத்தில் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. ரெக்கவரி வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்ப முடியவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டிச் சக்கரம் உருள இழுத்தால் கியர் பாக்ஸ் கெட்டுவிடும். இன்ஜின் ஓடாதபோது கியர் பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது. எட்டுப் பேர் சேர்ந்து நியூட்ரலில் அடிமேல் அடியாகத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். ஒர்க்‌ஷாப்பில் போட்ட எஸ்டிமேட் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. காரை வாங்கியதே ஒன்பது லட்சத்துக்கு. இன்சூரன்ஸில் இன்ஜினுக்கான கூடுதல் காப்பீடு எடுக்கவில்லை. சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து கெட்ட இன்ஜினுக்குப் பணம் வராது. கடைசியில் காரை அப்படியே கேட்ட விலைக்குக் கொடுத்தான். அன்றைக்கு ரெக்கவரி வண்டி போன பிறகும் அவன் அந்த இடத்திலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தான். எனக்கு இன்னும் அது கண்ணிலேயே நிற்கிறது.

அதே தெருவில் பக்கத்து வீட்டு அண்ணனின் பத்து வயது வேகன் ஆரும் மூழ்கியது. அவர் சாவியைத் தொடவில்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாரைப் புதிதாகப் போட்டு, சீட்டைக் கழற்றி மொட்டை மாடியில் காயவைத்து, இரண்டு வாரத்தில் வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. செலவு இருபத்தைந்தாயிரத்துக்குள். சின்ன காரிலும் பட்டனை அமுக்கியிருந்தால் இன்ஜின் போயிருக்கும், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அப்படிப் போயிருந்தாலும் அந்த இன்ஜினை நம்மால் திரும்பப் போட முடிந்திருக்கும்.

ஆகவே எந்தக் காராக இருந்தாலும் இதை மனப்பாடம் செய்யுங்கள். கார் நின்ற இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா? சாவியைத் திருப்பாதீர்கள், பட்டனை அமுக்காதீர்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது முன்னால் போகிற பஸ்ஸைப் பார்த்துப் பின்னாலேயே போகாதீர்கள்; பஸ் கிளப்புகிற அலை நேராக உங்கள் காரின் காற்றுக் குழாய்க்குத்தான் வரும்.

உப்புக்காற்று வேறு விதம். திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் காலையில் காரின் மேல் விரலை வைத்து இழுத்தால் பிசுபிசுவென்று வரும். எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசும் அதன்மேல் படியும். இதைக் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிக் கோடு விழும். முதலில் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட வேண்டும். சொகுசுக் கார்களின் பாடி துருப்பிடிப்பதைத் தாங்குவதில் பொதுவாக நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அலாய் வீல் பூக்கும், ஏ.சி. கண்டென்சர் அரிக்கும், வயர் இணைப்புகளில் பச்சை படியும். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த காரில் அந்தப் பச்சை படிந்த ஒரு பின்னைத் தேடிக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் கூலி போகும்.

பாதுகாப்பு

சின்ன கார் என்றால் டப்பா என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கனமான, நன்றாகக் கட்டிய கார் விபத்தில் நன்றாகக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் சின்ன கார்கள் எல்லாம் ஒன்றல்ல. டாடா டியாகோ 2020இலேயே குளோபல் என்கேப் என்கிற மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2024 மாருதி டிசையர் ஐந்து வாங்கியது. நம் நாட்டுக்கென்றே இதே மாதிரிச் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கிவிட்டது. ஐம்பதாயிரம் கூடக் கொடுத்தாவது நட்சத்திரம் கூடிய காரை எடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகும் சொகுசுக் கார்தான் என்றால்

மூடிய பார்க்கிங் இருக்கிறது, மாதம் முப்பதாயிரம் காருக்குப் போனாலும் வீடு தடுமாறாது, நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். இப்படிப் பாருங்கள்.

காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது போங்கள். விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் அதற்குள் ஓடுகிற செயினின் சத்தமும் நீலப் புகையும் தெரியும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைக் கழற்றிவிட்டிருக்கலாம், காரை விட்டு இறங்குங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். மேலே சுத்தமாக இருந்து உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015, 2023 இரண்டு வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. டிக்கியில் தரையைத் தூக்கி அடியில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எந்த எரிபொருள் போடலாம் என்று எழுதியிருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றவை. பழைய காரில் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், சேசிஸ் நம்பரை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். அங்கேயே காசு கட்டிச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். அந்தப் பணம் அதிகமாகத் தெரிந்தால் கார் உங்களுக்கு எட்டாத விலை என்று அர்த்தம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றும் பாருங்கள். நம் பக்கம் கைராசியான மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில்தான் பாகங்களைப் பொருத்தி ஆஸ்டின் கார்களைச் செய்தது. அதுதான் 1955இல் அசோக் லேலண்டு ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என்று தலைமுறை தலைமுறையாக வண்டியோடு வாழ்ந்த கைகள் இங்கே உண்டு. ஆனால் சொகுசுக் காரில் பாதி வேலை கம்பெனியின் கம்ப்யூட்டரை மாட்டினால்தான் நடக்கும். பேட்டரி மாற்றினால்கூடச் சில மாடல்களில் அதைக் கணினியில் பதிய வேண்டும். எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்காக இருந்தாலும் அந்தக் கருவி இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் நிறையப் பேருக்குச் சொல்கிறேன். நன்றாகப் பராமரித்த ஹோண்டா சிட்டியோ, 2020 வரை இங்கே விற்ற டொயோட்டா கரோலா ஆல்டிஸோ எடுங்கள். சீட்டில் சுகம் இருக்கும், சத்தம் குறைவு, பார்ட்ஸ் கிடைக்கும், நம் மெக்கானிக் கையிலேயே நிற்கும். என் மாமனாரைக் கேட்டால் ஆல்டிஸே போதும் என்பார். கல்யாணத்துக்கு ஒரு நாள் பெரிய காரில் போய் இறங்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், அந்த ஒரு நாளுக்கு டிரைவரோடு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

சின்ன கார் என்று முடிவெடுத்தால்

வேலை சுலபம். பட்ஜெட்டுக்குள் நட்சத்திரம் கூடியது எது என்று பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் குனியாமல் ஏறக்கூடிய வேகன் ஆர் மாதிரி உயரமான கார் நல்லது. நடு வேரியன்டே போதும். ஷோரூமில் சேர்த்துத் தருகிற சீட் கவர், மேட், பாலிஷ் எதையும் பில்லில் சேர்க்க விடாதீர்கள், கார் சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் அதே பொருள் பேரம் பேசி வாங்கலாம். இன்சூரன்ஸையும் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று இடத்தில் கேளுங்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி இவற்றுக்குச் சாதாரண பாலிசியில் பாதிப் பணம் கழித்துத்தான் தருவார்கள்; தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுத்தால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் அந்தப் பிடித்தம் இருக்காது. அதையும் இன்ஜின் காப்பீட்டையும் கட்டாயம் சேருங்கள். வடசென்னையில் இன்ஜின் காப்பீடு இல்லாமல் ஒரு மழைக்காலத்தையும் கடக்காதீர்கள்.

காகித வேலை

செகண்ட் ஹேண்ட் என்றால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, முப்பது நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அதை நீக்க வங்கியின் கடிதத்தோடு படிவம் 35 வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். இன்சூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) அவருக்குத்தான் சொந்தம். காரோடு உங்களுக்கு வராது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

வடிவுடையம்மன் கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கொண்டுவந்த வாரமே இதைச் செய்துவிடுங்கள். அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடியுங்கள். கதவின் அடி விளிம்பில் மழைத்தண்ணீர் வடிய இரண்டு மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும்; ஒயரின் முனையால் அவற்றைக் குத்தித் திறந்து வையுங்கள். அடைத்துக்கொண்டால் துரு அங்கேதான் தொடங்கும். முன் கண்ணாடியின் கீழே, வைப்பர் இருக்கிற பள்ளத்தில் சேர்கிற வேப்பிலைச் சருகை வாரம் ஒரு தடவை எடுங்கள். வாரம் ஒரு முறை சக்கரத்துக்கு உள்பக்கம் நல்ல தண்ணீர் அடியுங்கள், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம். செப்டம்பர் கடைசியில் பேட்டரி, வைப்பர், டயர் மூன்றையும் பார்த்துவிட்டு, மழை வந்தால் காரைக் கொண்டுபோய் நிறுத்த மேடான ஒரு இடத்தை இப்போதே பேசி வையுங்கள். எனக்கு அது என் நண்பன் வீட்டு மேடான வாசல். ரெட் அலர்ட் என்று கேட்டதும் முதல் வேலையாக வண்டி அங்கே போய்விடும்.